முதலில் தின்பது ஆண்

எங்கள் வீட்டு மீன்தொட்டியில் எது ஆண், எது பெண் என்று கண்டுபிடிக்க என் வீட்டுக்காரருக்கு வருஷக்கணக்கில் ஆனது. இத்தனைக்கும் அவர் கோவில்பட்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் வாத்தியார். பூவில் எது மகரந்தம், எது சூல்பை என்று கலர் சாக்பீஸில் படம் போட்டு நடத்துகிறவர். அதற்கு அடுத்த பாடம் மனிதர்களைப் பற்றியது. அது வந்ததும், "இத வீட்டுல படிச்சுக்கிடுங்கலே" என்று சொல்லிவிட்டு வெப்பம் என்ற பாடத்துக்குத் தாவிவிடுவார் என்று அவரிடம் படித்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். எங்கள் வீட்டிலும் அந்தப் பாடத்தை யாரும் படிக்கவில்லை. அதில் என் தங்கச்சியின் வாழ்க்கை போனது.

ஐம்பதுகளின் கடைசியில் எனக்குக் கல்யாணம். புதூர்ப் பக்கம் கரிசல்காட்டில் பருத்தியையும் கம்பையும் விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் சம்சாரி வீட்டு மூத்த பிள்ளை நான். எனக்குப் பின்னால் வெகுகாலம் கழித்துப் பிறந்த ஒரே தங்கச்சி. வாத்தியார் மாப்பிள்ளை கிடைத்தது என் யோகம் என்று ஊரே சொன்னது. மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் அவருக்குச் சம்பளம் வந்துவிடும் அல்லவா, அதைச் சொன்னார்கள். வீட்டில் அவரும் அவர் அம்மாவும்தான். மாமியாரை நான் அத்தை என்று கூப்பிடுவேன்.

முதல் வருஷம் எல்லோரும் "விசேஷம் உண்டா" என்று கேட்டார்கள். அப்புறம் கேட்பதை விட்டுவிட்டு வயிற்றைப் பார்த்தார்கள். பிறகு பார்ப்பதையும் விட்டுவிட்டார்கள். அதுதான் தாங்கவில்லை. தெருவில் வளைகாப்பு என்றால் அத்தையை மட்டும் அழைப்பார்கள். அவள் போய்விட்டு வந்து, மடியில் கட்டிக்கொண்டு வந்த சித்ரான்னத்தை என் முன்னால் அவிழ்த்து வைத்து, "தின்னு, இதாவது வயித்துக்குள்ள போவட்டும்" என்பாள். சமைக்கிற கையால் அதை வாங்கித் தின்றுவிட்டுப் பாத்திரம் கழுவப் போவேன். வேறென்ன செய்ய.

அம்மாதான் என்னைப் பாளையங்கோட்டைக்கு ஒரு லேடி டாக்டரிடம் கூட்டிப் போனாள். அந்த டாக்டரம்மா நிதானமாகப் பார்த்தார். பார்த்துவிட்டு, "உனக்கு ஒரு குறையும் இல்லை. அடுத்த தடவை உன் வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வா, அவரையும் பார்க்கணும்" என்றார். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. சந்தோஷத்தில்தான். திரும்பி வரும் பஸ் கயத்தாறைத் தாண்டியது. அம்மா என் கையை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டாள். "டாக்டரு சொன்னத நீ யார்ட்டயும் வாய்விடக் கூடாது. ஆம்பளையக் கொறை சொல்லிட்டு அந்த வீட்டுல ஒரு வாய்த் தண்ணி குடிப்பியா நீ? எந் தலை மேல சத்தியம்."

சத்தியம் செய்தேன். ஆனால் அவரிடம் மட்டும், "டாக்டரம்மா ஒங்களையும் ஒரு நட வரச் சொன்னாவ" என்று சொன்னேன். "பரீட்ச முடியட்டும்" என்றார். கால் பரீட்சை முடிந்தது, அரைப் பரீட்சை முடிந்தது, முழுப் பரீட்சையும் முடிந்து பள்ளிக்கூடத்தைப் பூட்டிச் சாவியையும் மாட்டிவிட்டார்கள். அவர் பாளையங்கோட்டைக்குப் போகவில்லை. அந்த லீவில்தான் மீன்தொட்டி வந்தது.

பள்ளிக்கூட ஆய்வுக்கூடத்தில் வேண்டாம் என்று ஒதுக்கிப் போட்டிருந்த கண்ணாடித் தொட்டி அது. இரும்புச் சட்டத்தில் கண்ணாடி பதித்து ஓரமெல்லாம் தண்ணீர் ஒழுகாமல் மக்கு வைத்துப் பூசியது. குளத்தூர்ப் பக்கம் உப்பளத்தில் கணக்கு எழுதும் அவருடைய கூட்டாளி ஒருத்தர் மண்பானையில் இரண்டு மீனைப் போட்டு, வாயில் துணி கட்டி, பஸ்ஸில் கொண்டுவந்து கொடுத்தார். கடல் தண்ணீரும் மழைத் தண்ணீரும் கலக்கிற ஓடைகளில் கிடக்குமாம். உள்ளங்கை அகலத்தில் பாதி கூட இருக்காது. நல்ல மஞ்சள். மேலெல்லாம் சிவப்புப் புள்ளி, விலாவில் கறுப்பாக ஒரு பொட்டு. பெயர் கேட்டதற்கு, "மஞ்சக் கெண்டன்னு சொல்லுதாவ, வேற பேரு தெரியல அண்ணாச்சி" என்றார்.

கோவில்பட்டியில் அப்போது தண்ணீருக்குப் பட்ட பாட்டை இன்றைக்குச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். குடிக்கிற தண்ணீருக்குக் குழாயடியில் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு, வெயில் ஏறும்வரை காவல் நிற்க வேண்டும். எங்கள் கொல்லையில் கிணறு உண்டு. ஆனால் தண்ணீர் கரிப்பு. சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது. அந்தத் தண்ணீர் இந்த மீன்களுக்கு அமிர்தமாக இருந்தது. மனுஷருக்கு ஆகாதது எதற்காவது ஆகிறதே என்று அன்றைக்கு எனக்குக்கூட ஒரு சந்தோஷம்.

தூத்துக்குடியிலிருந்து ஒரு பெரிய சங்கு வாங்கிவந்து தொட்டிக்குள் போட்டார். மீன்கள் இரண்டும் அதைச் சொந்த வீடாக்கிக்கொண்டன. சங்கின் வாய்க்குள் கிடந்த மணலை வாயால் அள்ளி அள்ளி வெளியே துப்பின. கையை உள்ளே விட்டால் விரலைக் கொத்த வந்தன.

எது ஆண், எது பெண் என்ற பேச்சு முதல் வாரமே வந்துவிட்டது. இரண்டும் ஒரே அச்சு. ஒன்று கொஞ்சம் பெரியது, அவ்வளவுதான். அவர் கொல்லையில் இருந்த சிமெண்டுத் தொட்டியிலிருந்து கொசுப்புழுவை வடிகட்டிக் கொண்டுவந்து போட்டார். பெரியது பாய்ந்து வந்து தின்றது. சின்னது சங்கின் அடியிலேயே நின்றுவிட்டு, பெரியது தின்று முடித்த பிறகு வந்து மிச்சத்தைப் பொறுக்கியது.

"பாத்தியா, முதல்ல திங்குதது ஆண்" என்றார்.

"எத வச்சுச் சொல்லுதீங்க?"

"நம்ம வீட்டுல யாரு முதல்ல சாப்பிடுதா?"

சிரித்தார். நானும் சிரித்தேன். எங்கள் வீட்டில் அவர் சாப்பிட்டு எழுந்த பிறகு அத்தை சாப்பிடுவாள். பிறகு அவர் சாப்பிட்ட தட்டிலேயே நான் போட்டுச் சாப்பிடுவேன். என் அம்மா வீட்டிலும் அப்படித்தான், தெரு முழுக்கவும் அப்படித்தான். அதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது. உலகத்துக்கே அதுதான் முறை என்று மீனுக்கும் வைத்துவிட்டோம். வாத்தியாரே சொன்ன பிறகு அப்பீல் கிடையாது.

கொஞ்ச நாளில் சங்கின் உள்வாயில் முட்டைகள் ஒட்டியிருந்தன. கடுகைவிடச் சின்னது, ஒவ்வொன்றும் ஒரு மெல்லிய காம்பில் தொங்கிக்கொண்டு. சின்ன மீன் அங்கேயே நின்று துடுப்பால் விசிறிக்கொண்டே இருந்தது. அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் தொட்டி முன்னால் போய் உட்காருவார். ஆனால் மறுநாளுக்கு மறுநாள் முட்டையெல்லாம் வெள்ளை வெளேரென்று ஆகிவிட்டது. அதற்கும் அடுத்த நாள், கெட்டுப்போன ஊறுகாயில் படருமே, அதைப் போலப் பூசணம் படர்ந்தது. சின்ன மீன் அதையும் விசிறிக்கொண்டுதான் நின்றது.

இப்படி இன்னொரு தடவையும் ஆனது. அவர் யோசித்துவிட்டு, "பெண்ணுலதான் ஏதோ கோளாறு" என்றார். சின்ன மீனை ஒரு செம்பில் பிடித்துக்கொண்டு போய்க் கொல்லைக் கிணற்றில் ஊற்றிவிட்டு வந்தார். கூட்டாளி வேறு ஒரு சின்ன மீன் கொண்டுவந்தார். அதுவும் பெரிதோடு கூடிக்கொண்டது. அதுவும் பின்னால் தின்றது, முட்டை வெளுத்தது, கிணற்றுக்குப் போனது. அப்புறம் இன்னொன்று. ஒவ்வொரு தடவையும் செம்பைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டே, "இதுக்கும் யோகமில்ல" என்பார். கோபமாகச் சொல்ல மாட்டார். அவருக்குக் கோபமே வராது. நான் அடுக்களை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். பெரிய மீனை மாற்றிப் பார்ப்போம் என்று அவருக்கும் தோன்றவில்லை, அத்தைக்கும் தோன்றவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கும் அப்போது தோன்றவில்லை.

அத்தை ஒருநாள் தொட்டியைப் பார்த்துக்கொண்டே, "சங்குல பால் பொகட்ட ஒரு பிள்ளையக் காணும். மீனுக்குச் சங்கு கேக்குதோ" என்றாள். இன்னொரு நாள் நேராகவே சொல்லிவிட்டாள். "வாயில்லாத சீவனுக்கே அவன் மாத்தி மாத்திப் பாக்கான். அவனுக்கு ஒரு தடவ மாத்தக் கூடாதா? வெளிய எங்கயும் போவ வேண்டாம். ஒந் தங்கச்சிதான் வளந்து நிக்காளே."

அன்றிலிருந்து அந்த வீட்டில் அதுதான் பேச்சு. எங்கள் பக்கத்தில் இது புதிதல்ல. மூத்தவளுக்குப் பிள்ளை இல்லை என்றால் அவள் தங்கச்சியையே கட்டி வைப்பார்கள். மூத்தவளே தட்டுத் தூக்கிக்கொண்டு போய்ப் பெண் கேட்க வேண்டும். அப்போதுதான் அது மரியாதை. இப்போது சட்டம் வந்துவிட்டது, ரெண்டாம் கல்யாணம் குற்றம் என்று அவர் வாங்குகிற பேப்பரில் படித்திருந்தேன். அத்தையிடம் சொன்னேன். "சட்டமா வந்து பிள்ள பெத்துக் குடுக்கப் போவுது?" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "நீ கேசு குடுத்தாத்தான கேசு" என்றாள். விவரமானவள்.

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லுவார் என்று பார்த்தேன். அவர் தொட்டிக் கண்ணாடியில் படிந்த பாசியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஒரு மத்தியானம். அவர் பள்ளிக்கூடத்தில், அத்தை தூக்கத்தில். தொட்டிப் பக்கம் போனேன். இரண்டு மீனும் சங்குக்கு மேல் மாறி மாறி உரசிக்கொண்டு போயின. முட்டையிடுகிற நேரம் என்று தெரிந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அதுவரை நாங்கள் இட்ட முட்டையைத்தான் பார்த்திருக்கிறோம், இடுவதைப் பார்த்ததில்லை. சின்னதின் அடிவயிற்றில் தடித்து மொட்டையாக ஒரு குழல் நீட்டிக்கொண்டிருந்தது. அது சங்கை ஒட்டி நகர நகர முட்டை வரிசையாக ஒட்டியது. சரி, பெண். பிறகு பெரியது வந்தது. அதன் அடிவயிற்றிலும் அதே போலத் தடித்த மொட்டைக் குழல். அதுவும் சங்கை ஒட்டி மெல்ல நகர்ந்தது. அதற்குப் பின்னாலும் முட்டை வரிசையாக ஒட்டியது.

எங்கள் வீட்டு ஆண், முதலில் தின்கிற ஆண், முட்டை போட்டுக்கொண்டிருந்தது. இத்தனை நாளும் அந்தத் தொட்டியில் ஆணே கிடையாது. கிணற்றுக்குப் போனவற்றில் ஒன்றுக்கும் ஒரு குறையும் இல்லை.

சாயங்காலம் சொன்னேன். "ஒனக்கு என்ன தெரியும்" என்றார். ஆனால் அவருக்கு உறுத்திக்கொண்டே இருந்திருக்க வேண்டும். அடுத்த முறை மீன்கள் சங்கைச் சுத்தம் பண்ணத் தொடங்கியதும் அரைநாள் லீவு போட்டுவிட்டு, பள்ளிக்கூடத்துப் பூதக்கண்ணாடியோடு வந்து உட்கார்ந்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். "நானே ஏமாந்துட்டேன் பாத்தியா. ரெண்டும் பெண்ணுதான்ட்டி. ஆண் இல்லாம எப்படிப் பொரிக்கும்?"

அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. அதில் வெட்கம் இல்லை. தப்புக் கணக்கைக் கண்டுபிடித்துவிட்ட வாத்தியாரின் சந்தோஷம்தான் இருந்தது. இவ்வளவு எளிதாக ஒத்துக்கொள்கிற மனிதர், இன்னொன்றையும் ஒத்துக்கொள்வார் என்று நான் நம்பிவிட்டேன். கிறுக்கி.

கூட்டாளியிடம் சொல்லி ஒரு பானை நிறைய மீன் கொண்டுவரச் செய்தார். "நாம ஒண்ணும் ஜோடி சேக்க வேண்டாம். அதுகளே பாத்துக்கிடட்டும்" என்று எல்லாவற்றையும் தொட்டிக்குள் விட்டார். ஒரு ஜோடி தானாகப் பிரிந்து வந்து, மற்றவற்றைத் துரத்திவிட்டு, சங்கைப் பிடித்துக்கொண்டது. பழைய மீன் இரண்டையும் பானையில் வந்த மிச்சத்தையும் அள்ளிக் கிணற்றில் ஊற்றினார். இந்த ஜோடி முட்டையிடும்போது பூதக்கண்ணாடியை என்னிடமும் கொடுத்தார். ஒன்றுக்குத் தடித்த மொட்டைக் குழல். இன்னொன்றுக்கு ஊசி மாதிரி மெல்லிசாக, கூராக. முட்டைமேல் அது உரசிக்கொண்டு போனது. "இதுதான் ஆண். இந்த நேரத்துல மட்டுந்தான் அடையாளம் தெரியும்" என்றார். நான் கவனித்த இன்னொன்றை அவரிடம் சொல்லவில்லை. இந்த ஜோடியில் பெண்தான் முதலில் தின்றது.

முட்டை வெளுக்கவில்லை. பொரிந்தது. கண்ணும் வாலும் மட்டுமாகத் தூசிபோலக் கிடந்த குஞ்சுகள் நீந்தத் தொடங்கியதும், தாய் தகப்பன் இரண்டின் விலாவிலும் மொய்த்துக்கொண்டு மேலே ஊறியிருக்கிற பசையைக் கொறித்தன. இரண்டும் அசையாமல் நின்று கொடுத்தன. தெருவே வந்து பார்த்தது. அத்தைகூட மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு வந்தாள். அவர் எல்லோருக்கும் விளக்கினார். "ஆண் சரியில்லைன்னா பெண்ண எத்தனை தடவ மாத்தினாலும் பிரயோசனமில்ல" என்று அவர் வாயாலேயே சொன்னார். கூட்டத்துக்குப் பின்னால் நின்று நான் கேட்டேன்.

எல்லோரும் போன பிறகு கேட்டுவிட்டேன். எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ. "இந்தாருங்க, நாமளும் ஒரு நட பாளையங்கோட்டைக்குப் போய்ட்டு வருவமா? ஒங்களையும் பாத்துட்டா எனக்கு மனசு ஆறிரும். அப்புறம் நீங்க என்ன சொன்னாலும் கேக்கேன்."

அவர் குஞ்சுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் சுருங்கிவிட்டது. நான் என்ன சொன்னேன் என்பது அவருக்குத் துல்லியமாகப் புரிந்தது. புரியாத ஆள் இல்லை அவர்.

"மீனு வேற, மனுசன் வேற" என்றார். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அன்றைக்கு என் மனசு செத்தது. கிணற்றடியில் போய் நின்றேன். நான் அங்கே ரொம்ப நேரம் நின்றால் அத்தைக்குப் பயம் வந்துவிடும். என் மேல் பிரியமில்லை, கிணறு கெட்டுப்போகுமே என்று. உள்ளேயிருந்து ரெண்டு தடவை கூப்பிட்டாள். இருட்டுக்குள் ஒரு மஞ்சள் மின்னி மறைந்ததைப் பார்த்தேன். திரும்பி வந்துவிட்டேன்.

பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. கழுகுமலைப் பக்கம் வேறு ஒரு இடத்திலும் பெண் பார்க்கிறார்கள் என்று அத்தை ஒரு செய்தியை அவிழ்த்துவிட்டாள். அது எங்கள் ஊருக்குப் போய்ச் சேர்ந்ததும் அம்மா அலறிக்கொண்டு வந்தாள். "அந்நியத்துல இருந்து ஒருத்தி வந்தா ஒன்ன நடுத்தெருவுல நிறுத்திருவாட்டி. ஒந் தங்கச்சின்னா ஒன் வயித்துல பொறந்தவ மாதிரி. ஒன்ன விட மாட்டா."

"அம்மா, அந்த டாக்டரு சொன்னது..." என்று ஆரம்பித்தேன். என் வாயைப் பொத்தினாள். "எந் தலை மேல கைய வச்சிருக்க" என்றாள். மழை இல்லாத வருஷம் அது. இன்னொரு மாப்பிள்ளை பார்க்க வீட்டில் வழியும் இல்லை. அதை அவள் சொல்லவில்லை, நானாகத்தான் புரிந்துகொண்டேன்.

பங்குனியில் கழுகுமலைத் திருவிழாவுக்கு வந்த என் தங்கச்சி எங்கள் வீட்டில் தங்கினாள். அவள் அப்போது சிரித்தால் நிறுத்தத் தெரியாத பெண். டாக்டர் சொன்னதைச் சொல்ல மாட்டேன் என்றுதான் சத்தியம். மீன் கதையைச் சொல்லக் கூடாது என்று யாரும் சத்தியம் வாங்கவில்லையே. தொட்டி முன்னால் அவளை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் தின்றது ஆண் என்று நினைத்தோம் என்றேன். சின்னதையே மாற்றி மாற்றிக் கிணற்றில் விட்டதைச் சொன்னேன். கடைசியில் கோளாறு எதில் இருந்தது என்பதை அழுத்தி, ரெண்டு தடவை சொன்னேன்.

அவள் கண்ணாடியில் மூக்கை ஒட்டவைத்துக்கொண்டு குஞ்சுகளைப் பார்த்தாள். "அத்தானுக்கு இதுகூடத் தெரியலையாக்கா?" என்று கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். சிறுபிள்ளை, இதற்கு என்ன புரிந்திருக்கும் என்று நினைத்தேன். புரிந்து அவளே மாட்டேன் என்று சொல்லிவிட மாட்டாளா என்று ஏங்கினேன். அவள் சொல்லவில்லை.

பெண் கேட்கப் போன அன்று வெற்றிலை, பாக்கு, பழம், சேலை வைத்த தட்டை நான்தான் ஏந்திப் போனேன். நான் பிறந்த வீட்டு வாசலில், செருப்பை விட்டுவிட்டு, மாப்பிள்ளை வீட்டு ஆட்களோடு சேர்ந்து ஜமுக்காளத்தில் உட்கார்ந்தேன். அப்பா என்னைப் பார்த்து, "வாங்க" என்றார். அவர் என்னை 'ங்க' போட்டுக் கூப்பிட்டது அந்த ஒரு தடவைதான். அம்மா விருந்தாளிக்குக் கொடுப்பதைப் போல வெள்ளி டம்ளரில் காப்பி கொண்டுவந்து நீட்டினாள். அவள் கண்ணை நான் பார்க்கவில்லை. தங்கச்சி வந்து எல்லோரையும் கும்பிட்டாள், என்னையும் சேர்த்து. தட்டை நீட்டினேன். ஏங்கி அழுதுவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

அவள் வந்தாள். சாப்பாட்டு வரிசையில் எனக்குப் பின்னால் ஒருத்தி சேர்ந்தாள். கூடவே உட்காரு என்று எத்தனையோ சொல்லிப் பார்த்தேன். "நீ மூத்தவ, முதல்ல சாப்பிடுக்கா" என்பாள். எனக்குச் சோறு இறங்காது.

வருஷங்கள் போயின. அவளையும் "விசேஷம் உண்டா" என்று கேட்டார்கள், வயிற்றைப் பார்த்தார்கள், பார்ப்பதை விட்டார்கள். அவள் சிரிப்பு எப்போது நின்றது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஒருநாள் கவனித்தேன், அது இல்லை. அரசமரம் சுற்றினாள், மண்சோறு தின்றாள், எண்ணெயும் லேகியமும் சாப்பிட்டாள். அவளை எந்த டாக்டரிடமும் அவர் கூட்டிப் போகவில்லை. கூட்டிப் போனால் அங்கேயும் ஒரு லேடி டாக்டர் அடுத்த தடவை அவரை வரச் சொல்லிவிடுவாரே.

எனக்கு ஒரு நப்பாசை இருந்தது. இரண்டு பேருக்கும் இல்லை என்றால் இனியாவது அத்தைக்கு விளங்கும் என்று. அவளுக்கு விளங்கியது வேறு. "ரெண்டும் ஒரே கொடியில காச்சதுதான. அந்தக் கொடியே வெம்பல் கொடி. எம் மவன் தலையெழுத்து" என்று தெருவெல்லாம் சொன்னாள். ஆக, என் தங்கச்சி வந்ததில் கண்ட பலன் இதுதான்: ஒருத்தி மலடி என்றிருந்தது, வம்சமே மலடு என்று ஆனது. அவர் அதையும் கேட்டுக்கொண்டு கண்ணாடியைத் துடைத்தார். தொட்டியில் சங்குக்குப் பக்கத்தில் குஞ்சுகள் வந்துகொண்டே இருந்தன. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் பாட்டிலில் போட்டுக் கொடுத்தார்.

ஒரு கோடையில் கிணறு நன்றாக வற்றிவிட்டது. சட்டி முழுகுகிற அளவுக்குத்தான் தண்ணீர் நின்றது. துணி துவைக்க வாளியை இறக்கி இழுத்தேன். வாளித் தண்ணீரில் பொடிப்பொடியாக என்னவோ அசைந்தது. நிழலுக்கு நகர்த்திப் பார்த்தேன். குஞ்சுகள். விலாவில் அந்தக் கறுப்புப் பொட்டு அப்போதுதான் விழத் தொடங்கியிருந்தது.

"ஏட்டி, இங்கன வா" என்று தங்கச்சியைக் கூப்பிட்டேன்.

இரண்டு பேரும் கிணற்றுச் சுவரில் கையை ஊன்றி எட்டிப் பார்த்தோம். உச்சிவெயில் நேராக அடிவரைக்கும் இறங்கியிருந்தது. கிணறு முழுக்க மஞ்சள். பெரிது, சிறிது, குஞ்சு என்று தலைமுறை தலைமுறையாக. யோகமில்லை என்று செம்பில் கொண்டுவந்து கொட்டியதெல்லாம் உள்ளே ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு குடும்பம் நடத்தியிருக்கிறது. யாரும் கொசுப்புழு போடவில்லை. யாரும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கவில்லை.

"தூக்கிப் போட்டதெல்லாம் பிழச்சிருக்கேக்கா" என்றாள் தங்கச்சி.

நான் கேட்டேன்: "நீ திருவிழாவுக்கு வந்தப்ப ஒனக்கு ஒரு மீன் கதை சொன்னேனே, நெனப்பிருக்கா?"

"ம்."

"அது ஒனக்கு அன்னைக்கு வெளங்கல. நானும் வெளிப்படையாச் சொல்ல முடியல, அம்மா சத்தியம் வாங்கிட்டா."

அவள் கிணற்றைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "அன்னைக்கே வெளங்கிட்டுக்கா" என்றாள்.

நான் அவள் தோளைப் பிடித்துத் திருப்பினேன். "வெளங்கிட்டா? பின்ன ஏன்ட்டி வந்த? மாட்டேன்னு ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா?"

"நான் வரலேன்னா அந்தக் கழுகுமலைக்காரி வந்திருப்பா. ஒன்ன வெளிய தள்ளிருப்பாவ. நீ எங்கக்கா போயிருப்ப?"

அதைச் சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவளைக் காப்பாற்ற ஒரே ஒரு வழி வைத்திருந்தேன், அந்தக் கதை. அது அவளுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. சேர்ந்த பிறகுதான், எல்லாம் தெரிந்த பிறகுதான், எனக்காக அவள் வந்து அந்தத் தொட்டிக்குள் இறங்கியிருக்கிறாள்.

என்னை வெளியே தள்ளியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். அதை அவளிடம் சொல்லவில்லை. வாளியின் ஒரு பக்கத்தை அவள் பிடிக்க, குஞ்சுகள் சிந்தாமல் கிணற்றுக்குள்ளேயே திரும்ப இறக்கிவிட்டோம். உள்ளேயிருந்து அத்தை கூப்பிட்டாள், அவர் சாப்பிட வந்துவிட்டாராம்.